துரைமாருக்குக் கல்லறை, நமக்குக் கறையான்

கூகுளில் மலையகத்துப் பழைய தேவாலயங்களைத் தேடினால் எல்லாப் படமும் ஒரே மாதிரித்தான் வரும். கருங்கல் சுவர், பாசி, மூடுபனி, பின்னால் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை. டிக்கோயாவில் 1878 இல் கட்டிய வார்லி கிறைஸ்ட் சேர்ச், அதற்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். பொகவந்தலாவையில் சென் மேரிஸ், அதன் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை. கலியாண சோடிகள் போட்டோ எடுக்க வருகிறார்கள். கொழும்பிலிருந்து வான் பிடித்து வருகிறார்கள். இங்கிலாந்திலிருந்து பூட்டனின் கல்லறையைத் தேடி வருகிறவர்களும் உண்டு. வரட்டும். நல்ல இடந்தான், பார்க்க வேண்டிய இடந்தான். எங்கள் கேள்வி வேறு. அந்தப் படங்களில் ஏன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை? ஏன் ஆளே இல்லை?

ஆள் இருக்கிறார்கள். மாதத்தின் முதலாம் ஞாயிறு ஒரு கோயில், இரண்டாம் ஞாயிறு அடுத்த தோட்டத்துக் கோயில், மூன்றாம் ஞாயிறு காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று என்று ஒரே பாதர் ஐந்தாறு கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறார். பாதர் வராத ஞாயிறுகளில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரோ, பிள்ளைக் காம்பரா அக்காவோ செபப் புத்தகத்தைத் திறந்து ஆராதனையை நடத்துகிறார்கள். ஐந்தாம் ஞாயிறு வருகிற மாதத்தில் எல்லாக் கோயில்காரரும் ஒரே இடத்தில் கூடுவார்கள், அன்றைக்குத்தான் பாட்டுக்குச் சத்தம் இருக்கும். இந்தக் குளிரில் தென்னை வளராது, ஆகவே குருத்தோலை ஞாயிறுக்குக் கீழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் ஓலை வரவேண்டும். பஸ் பிந்தினால் கையில் கிடைத்த இலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடுவோம். மார்கழியில் கெரல் பவனி பணிய லயத்தில் தொடங்கி மேட்டு லயத்தில் முடியும், அட்டைக் கடியோடும் பிளேன்டீயோடும். அறுப்பின் பண்டிகைக்கு கரட், லீக்ஸ், பீட்ரூட், முட்டை, எப்பவும் ஒரு சேவல். எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஒரு கட்டு லீக்ஸை ஒருவர் எடுத்துத் திரும்பக் கோயிலுக்கே கொடுக்க, அது மூன்று தடவை விலைபோகும். கொழுந்து மட்டும் பீடத்துக்கு முன்னால் வந்து நாங்கள் பார்த்ததில்லை. பறிக்கிறது நாங்கள், அறுவடை கம்பனியுடையது.

இந்த வாழ்க்கையைத்தான் நாங்கள் திருச்சபை என்கிறோம். ஆனால் 'மலையகத்துக் கோயில்களைப் பாதுகாப்போம்' என்று யாராவது பேசத் தொடங்கினால் பேச்சு கூரைக்குப் போகும், கண்ணாடிக்குப் போகும், கல்லறைக்குப் போகும். லயத்துக்கு வராது. துரைமார் விட்டுப்போன கட்டடத்துக்கு நாங்கள் காவல்காரர் மாதிரியும், கட்டடந்தான் கோயில் மாதிரியும் ஒரு நினைப்பு மேலே இருக்கிறவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. நம்ம ஆட்களிடமும் அது இருக்கிறது, மறைக்க வேண்டாம். அந்த நினைப்பை உடைக்காமல் இந்தக் கோயில்களைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்த நினைப்பின் வேர் பழையது. 1854 இல் கண்டிப் பக்கத்துத் தோட்டத்துரைமார் சிலரும் சி.எம்.எஸ். மிஷனரிமாரும் சேர்ந்து தோட்டங்களில் ஊழியம் தொடங்கியபோது அதற்கு வைத்த பேர் 'தமிழ் கூலி மிஷன்'. பேரிலேயே கூலி. செலவுக்குத் துரைமார் சந்தா, ஊழியத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்மார். அப்போது தேயிலை இல்லை, கோப்பிக் காலம். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று முடித்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள், மிஷன் அப்படியே தொடர்ந்தது. மலை மலையாக நடந்து, பிரட்டுக் களத்திலும் லய வாசலிலும் வேதம் வாசித்தவர்கள் அந்த உபதேசியார்மார். ஒரு சிலருடைய பேர் மிஷன் அறிக்கைகளில் அங்கங்கே கிடைக்கலாம். அவர்களுக்குக் கோயில் சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருந்து நாங்கள் கண்டதில்லை.

அந்த உபதேசியார்மாரையும் நாங்கள் சும்மா புனிதராக்கப் போவதில்லை. திருநெல்வேலிச் சபைகளில் எந்தச் சாதி கூடுதல், லயங்களில் எந்தச் சாதிகள் கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. உபதேசியார் வீட்டுத் திண்ணைக்கும் லயத்து வாசலுக்கும் இடையில் இருந்த தூரம் ஞானஸ்நானத் தண்ணியில் கரையவில்லை. இன்றைக்கும் சில இடங்களில் வாடன் பதவி எந்தெந்த வீட்டுக்குள் சுற்றி வருகிறது என்று பார்த்தால் அந்தத் தூரத்தை அளக்கலாம். இது தனிக் கட்டுரைக்கான விசயம், எழுதுவோம்.

1875 இல் கொழும்புக்கு ஆயராக அபிஷேகம் பெற்றவர் ரெஜினல்ட் கொப்பிள்ஸ்டன், முப்பது வயது. அடுத்த வருடமே சி.எம்.எஸ். மிஷனரிமாருக்குக் கொடுத்திருந்த அனுமதிப் பத்திரங்களை மீளப் பெற்றார். திருச்சபை வரலாற்றில் பெரிய சண்டையாக எழுதப்படுகிற இதன் நடுவில் இருந்ததே கூலி மிஷன். அது ஆயருக்குக் கீழா, துரைமாரும் மிஷனரிமாரும் இருந்த குழுவுக்குக் கீழா என்பதுதான் தகராறு. கன்ரபெரி பேராயர் வரைக்கும் போய் 1880 இல்தான் ஒரு தீர்வு வந்தது. ஆயருக்கு ஒரு நியாயம், மிஷனுக்கு ஒரு நியாயம், துரைமாருக்கு ஒரு நியாயம். யாரைப் பற்றிய மிஷனோ அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. கூலியை யார் மேய்ப்பது என்று மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். மிஷன் பேரில் இருந்த 'கூலி' பிறகு போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இப்போது கல்லறைக்கு வருவோம். 1913 இல் கொழும்பில் ஒரு புத்தகம் வெளிவந்தது. ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி தொகுத்தது. இலங்கையில் உள்ள கல்லறைகள், நினைவுச் சின்னங்களில் பொறித்த வாசகங்களின் பட்டியல். பெரும்பாலும் ஐரோப்பியர். யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எப்படிச் செத்தார், யாருக்குத் தம்பி, எல்லாம் உண்டு. இதில் எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. கல்லறை இல்லாமல் போனவர்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கி அவர்களைப் பற்றியும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பேர் அழிந்துவிடக் கூடாதாம்! நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தக் குடும்பங்கள் தங்கள் ஆட்களைத் தேடிப் பிடிக்க அது ஒரு காரணம். அதே மலைகளில் மலேரியாவிலும் கொலராவிலும் பட்டினியிலும் செத்துப் புதைந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கமரன் அம்மையாரையே எடுங்கள். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர், 1879 இல் இங்கேயே இறந்தார். பக்கத்தில் அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், பள்ளிக்கூடத்தில் கோல்புறூக் கமரன் ஆணைக்குழு என்று நாங்கள் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரன். இங்கிலாந்தில் அம்மையார் படம் எடுத்தவர்கள் டெனிசன், டார்வின், ஹேர்ஷல் என்று பேரோடு நிற்கிறார்கள். இலங்கையில் எடுத்தவர்கள் 'குடியானவர்கள்', 'ஒரு பெண்' என்றுதான் அனேகமாக நிற்கிறார்கள். படம் இருக்கிறது, முகம் இருக்கிறது, பேர் இல்லை. அவருடைய கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு தமிழ்ப் பிள்ளையைச் சென் மேரிஸ் முற்றத்தில் நிறுத்தினால் அது நல்ல சுற்றுலா.

நம்ம ஆட்களுடைய பேர் எங்கேயுமே இல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று செக்ரோல். வேலைக்குப் போனால் பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஒரு நாள் கூலிக்கே 'பேர்' என்று பேர் வைத்த சனம் உலகத்தில் வேறெங்கும் இருக்கிறதா தெரியாது. மற்றது கோயில் பதிவேடு. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று தனித்தனிப் புத்தகம். அங்கிலிக்கன் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பேர், தாய் தகப்பன் பேர், வசிக்கும் இடம், தகப்பனின் தொழில், திகதி, குருவின் ஒப்பம் என்று நிரல் நிரலாக இருக்கும். தொழில் என்ற நிரலில் பக்கம் பக்கமாக 'கூலி' என்றே எழுதியிருக்கும். வாசிக்கக் கோபம் வரும். ஆனால் அதற்குப் பக்கத்து நிரலில் ஒரு மனிசனின் பேரும் மனிசியின் பேரும் இருக்கிறது. கம்பனி பழைய செக்ரோலை எரித்துவிடும். இது மட்டுந்தான் மிச்சம்.

அது ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, பாட்டன் இங்கே பிறந்தான் என்று காட்டு என்றது. 1949 இன் சட்டம் கலியாணம் கட்டினவர்கள் ஏழு வருடம், கட்டாதவர்கள் பத்து வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்டு என்றது. காட்ட என்ன இருந்தது? அந்த வருடத்திலேயே வாக்குரிமையும் போனது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதிக்குப் பாதி என்றார்கள். தலைமன்னார்க் கப்பலில் குடும்பம் குடும்பமாகப் போனபோது கோயில் பாடகர் குழுக்களும் பாதியாக உடைந்தன. அப்படிப்பட்ட ஒரு சனத்துக்கு, இன்ன திகதியில் இன்ன தோட்டத்தில் இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று ஒரு குருவானவர் மையால் எழுதிய புத்தகம் என்றால் என்ன பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள். செத்தவர்களுக்கும் அப்படித்தான். கல் நாட்ட வசதியில்லாத குழிகளுக்கு அடக்கப் பதிவேட்டின் அந்த ஒரு வரிதான் கல்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கோயிலில், பேர் வேண்டாம், இந்தப் பதிவேடுகள் உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில் பழைய நத்தார் தோரணங்களோடு கிடக்கின்றன. மழைக்காலத்தில் சுவர் ஊறி மூன்று புத்தகம் கட்டியாகிவிட்டது. ஒன்றில் கறையான். அதே கோயிலின் வண்ணக் கண்ணாடிக்கு வெளியே புதிதாகக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள், வெளிநாட்டுக் காசில். நாங்கள் போய்க் கேட்டோம். "பிள்ளைகளே, கண்ணாடி ஒடஞ்சா திரும்பச் செய்ய ஏலாது" என்றார் பொறுப்பானவர். உண்மைதான். கறையான் தின்ற பக்கத்தை மட்டும் திரும்பச் செய்யலாமா, ஐயா?

இதற்குக் காசு ஒரு காரணமே இல்லை. இன்றைக்கு லயத்தில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கமரா இருக்கிறது. நாலு பேர், இரண்டு சனிக்கிழமை, வெளிச்சமான ஒரு மேசை. தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவைக்க 2005 இலிருந்து இயங்குகிற நூலகம் இருக்கிறது, கேட்டால் வழி சொல்வார்கள். அந்தரங்கம் என்கிறார்கள். சரி, அண்மைக் காலத்துப் பதிவுகளைப் பூட்டி வையுங்கள், குடும்பத்துக்கு மட்டும் காட்டுங்கள். நூறு வருடத்துக்கு முந்திய ஞானஸ்நானத்தில் என்ன அந்தரங்கம்? துரையின் கல்லறையை அச்சடித்து விற்கும்போது யாரும் அந்தரங்கம் பேசவில்லையே.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. "எட்டுப் பேர்தான் வாறாங்க, இந்தக் கோயில மூடி அந்தக் கோயிலோட சேர்த்திருவோம்" என்ற பேச்சு பல இடங்களில் அடிபடுகிறது. எட்டுப் பேர் எப்போது வருகிறார்கள்? காலை ஒன்பது மணி ஆராதனைக்கு. கொழுந்து கூடிய மாதங்களில் ஞாயிறு காலையில் கைக்காசுக்குப் பறிக்கப் போகிறார்கள். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே வருடக் கணக்காகப் போராடி 2021 இல்தான் வாங்கின சனம். கிலோ கணக்கில் கையில் வருகிற காசை விட்டுவிட்டு வா என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒன்பது மணி துரைமாரின் நேரம். துரைக்கு ஞாயிறு லீவு, சாவகாசமாக எழும்பி குதிரையில் வந்தார். அவர் போய் எத்தனை வருடம், மணி மட்டும் மாறவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்துப் பாருங்கள், பிறகு தலையை எண்ணுவோம்.

புதுச் சபைகள் ஆடு திருடுகின்றன என்று புலம்புவதையும் நிறுத்தலாம். அந்தப் பாஸ்டர் தொங்கல் லயத்தில் வாடகைக்கு இருக்கிறார். இராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஓட்டோ பிடிக்க அவர் வருகிறார். அவருடைய பிரசங்கத்தில் எங்களுக்கு ஆயிரம் கேள்வி உண்டு. ஆனால் மாதத்துக்கு ஒருக்கால் வந்து, திருவிருந்து கொடுத்து, அடுத்த கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஹெல்மெட்டைப் போடுகிற நம்ம பாதர் அந்த இடத்தில் போட்டி போட முடியாது. பாதரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு முதுகு வலி, பெற்றோல் காசு தட்டுப்பாடு, ஒரே நாளில் மூன்று பிரசங்கம். குறை ஏற்பாட்டில். தோட்டத்திலேயே இருக்கிற ஆட்களைப் படிப்பித்து, சம்பளம் கொடுத்து, பொறுப்பையும் கொடுப்பதுதான் வழி. குறிப்பாகப் பெண்களை. இப்போதும் கோயிலைக் கூட்டி, பூ வைத்து, நோயாளியைப் பார்த்து, பாதர் இல்லாத ஞாயிறை ஓட்டுவது அவர்கள்தான். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மட்டும் கதிரை ஆம்பிளைகளுக்கு.

பொதுக்கூட்டம் என்றதும் ஒரு சபையின் கதை. சந்தா கட்டினவர்களுக்குத்தான் வாக்கு என்று அங்கே விதி. நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் தோட்டக் குடும்பங்களில் அரைவாசிக்கு மேல் சந்தா நிலுவை, ஆகவே வாக்கு இல்லை. டவுனில் கடை வைத்திருக்கிறவர்களும் உத்தியோகத்தரும் கை உயர்த்தி முடிவெடுக்கிறார்கள். கணக்கு அறிக்கை ஆங்கிலத்தில். "எங்களுக்கு வெளங்கலயே" என்று ஒரு அம்மாயி எழும்பிச் சொன்னதற்கு, "பிறகு சொல்றோம், இருங்க" என்று பதில். 1949 இல் டி.எஸ். சேனநாயக்க செய்ததை மேடை போட்டுத் திட்டுகிற நாம், அந்த விதியை என்ன பேர் சொல்லி அழைப்பது? சந்தாவுக்குப் பதிலாக அந்த அம்மாயி நாற்பது வருடம் கோயில் கூட்டியிருக்கிறார். அதற்கு ரசீது கிடையாது.

இந்தத் திருச்சபையில் வேறு மாதிரியும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 1983 ஆடிக்குப் பிறகு குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவர்கள் இந்த வெட்கத்தை ஏற்றுக்கொண்டு தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருடமே இறந்தும் போனார். 2023 இல் மலையகம் 200 ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் சனம் நடந்தபோது கிறிஸ்தவ அமைப்புகளும் கூட நடந்தன. பாதையெல்லாம் முன்னோர்களின் பேரில்லாச் சாவை நினைத்து அழுதார்கள். நல்லது. ஆனால் அந்தப் பேர்களில் கொஞ்சம் நம்ம கோயில் அலுமாரிகளிலேயே இருக்கிறது என்பது அந்த நடைக்குப் பிறகாவது உறைத்திருக்க வேண்டும்.

சிலர் எங்களைக் கேட்பார்கள், உங்களில் எத்தனை பேர் ஒழுங்காகக் கோயிலுக்குப் போறீங்க என்று. எங்கள் கூட்டில் போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு, சைவ வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பதிவேட்டில் இருப்பது எல்லாருடைய சனமும் என்பதால் எல்லாரும் பேசுகிறோம். ஒரே லயத்தில் அண்ணன் முனியாண்டியும் தம்பி மோசேயுமாக இருந்த குடும்பங்கள் எங்களுடையவை.

சபைக் குழுக்களுக்கு நாங்கள் எழுதப்போகிற கடிதத்தில் நாலு விசயம் கேட்கிறோம். பதிவேடுகள் எல்லாம் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று கோயில் வாரியாக ஒரு பட்டியல். அவற்றைப் படம் பிடிக்க எங்களுக்கு அனுமதி. கணக்கும் கூட்டக் குறிப்பும் தமிழில். சந்தாவை வைத்து வாக்கைப் பறிக்கிற விதி இருக்கிற இடங்களில் அதை நீக்குவது. வார்லியிலோ பொகவந்தலாவையிலோ நுவரெலியாவிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், எந்தக் கோயில், ஏறக்குறைய எந்த வருடம் என்று இப்போதே அம்மாயிடமும் அப்பாயிடமும் கேட்டு எழுதிவையுங்கள். நீலகிரிப் பக்கம் போன சொந்தக்காரர்களிடமும் கேளுங்கள். மழை வைகாசியில் தொடங்கும், அதற்கு முன்னால் அலுமாரிகளைத் திறக்க வேண்டும்.